ஒன்றரை முழப் பாவாடை

துணியின் அகலத்தைப் பார்த்ததுமே புவனேஸ்வரி தறியருகே நின்றுவிட்டாள்.

பாவாடைத் துணியின் நீளத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. நீளமெல்லாம் இடுப்பைச் சுற்றிக் கொசுவத்துக்குப் போய்விடும். அகலம்தான் உடுத்துகிறவளின் உயரம். நெசவுத் தெருக்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். அப்பாவின் தறியில் ஏறியிருந்த கிளிப்பச்சைப் பட்டு ஒன்றரை முழத்துக்கும் குறைவு. ஒரு பக்கம் மட்டும் அரக்குக் கரை. ஆறு வயதுப் பெண்ணின் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கச்சிதமாக வரும்.

அந்த வீட்டில் ஆறு வயதுப் பெண் யாரும் இல்லை. ஐம்பது வயதுப் பெண் ஒருத்திதான் இருந்தாள். அது புவனேஸ்வரியே.

யாருக்கு நைனா என்று கேட்டாள். தறிக்குழியில் மிதிகட்டையை மிதித்தபடியே, இழைக்குள் ஓடும் நாடாவை நிறுத்தாமல் கலியாணசுந்தரம் சொன்னார்.

"அளவு சரியா இருக்குதா பாரு பாப்பா. போன தடவ நெய்ஞ்சது கொஞ்சம் எறக்கமாப் போச்சுன்னு ஒங்கம்மா சொல்லிக்கினு இருந்தா."

போன தடவை என்று அவர் சொன்னது 1979-ஆம் வருடத்தை.

நாற்பது வருடம் கழிந்து, இந்த 2019 ஆனி மாதம் காஞ்சிபுரத்தில் யார் வாயைத் திறந்தாலும் ஒரே பேச்சு. அத்தி வரதர் வெளியே வரப்போகிறார். வரதர் கோயில் குளத்துக்கு அடியில், தண்ணீருக்குள் படுத்திருக்கும் அத்திமரத்துப் பெருமாள். நாற்பது வருடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து ஒரு மண்டலம் தரிசனம் கொடுத்துவிட்டுத் திரும்பவும் தண்ணீருக்குள் போய்விடுவார். ஏகாம்பரநாதரைத் தவிர வேறு வாசல் மிதிக்காத நெசவுக்காரக் குடும்பங்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் பேதம் பார்ப்பதில்லை. மனிதர் எல்லாருக்கும் ஆயுளை அளக்கிற கோல் அல்லவா அவர்? பிள்ளையாக ஒரு தரம், கிழமாக ஒரு தரம் பார்த்துவிட்டால் அது நிறைந்த ஆயுசு. மூன்றாம் தரமும் பார்ப்பேன் என்று வாய்விட்டுச் சொல்கிற துணிச்சல் யாருக்கும் வருவதில்லை. சாமிக்கு மட்டும் வயது ஏறாது. போட்டது போலவே கிடந்து, போனது போலவே எழுந்து வருவார்.

அதுதான் கலியாணசுந்தரத்தின் கணக்கு. புவனேஸ்வரிக்கு அது அந்த நிமிடம் விளங்கிவிட்டது. சாமி அன்று இருந்தது போலவே வெளியே வருகிறார் என்றால், அவரைப் பார்க்கப் போன இடத்தில் தொலைந்தவளும் அன்று இருந்தது போலவே வரவேண்டியதுதானே.

தொலைந்தவள் பெயர் பெரியநாயகி. புவனேஸ்வரியின் தங்கை, நாலு வயது இளையவள். அன்று அப்பா நெய்த கிளிப்பச்சைப் பாவாடைதான் உடுத்தியிருந்தாள். அன்றைக்குக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா முன்னால் போனார். அம்மா வடிவாம்பாளுக்கு ஒரு கையில் தண்ணீர்க் கூஜா, ஒரு கையில் கட்டுச்சோற்றுப் பை. சின்னவளின் கையைப் பெரியவளின் கையில் கொடுத்து, விடாதே என்றாள். குளத்தருகே கூட்டம் ஒரு தரம் அலைபோல் ஆடி நின்றது. அது நின்றபோது புவனேஸ்வரியின் உள்ளங்கையில் வேர்வை மட்டும்தான் இருந்தது.

தேடாத இடமில்லை. கலியாணசுந்தரம் ஓரிக்கை ஆற்று மணலில் தேடினார். திருமுக்கூடல் வரைக்கும் பாலாற்றங்கரையோடு நடந்தே போய்த் தேடினார். சந்தைகளில், சத்திரங்களில், ரயிலடிகளில் தேடினார். பிறகு ஒருநாள் காலையில் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். அன்றோடு அவருக்குக் காலம் நின்றுபோனது.

பைத்தியம் என்று யாரும் சொல்ல முடியாது. பால் வாங்குவார், கூலி வாங்குவார், தெருவில் நாலு பேரோடு சிரித்துப் பேசுவார். ஆனால் எழுபத்தாறு வயதிலும் கண்ணாடி இல்லாமல் அறுந்த இழையைப் பிணைத்தார். குழியிலிருந்து கையூன்றாமல் ஏறினார். அவர் தம்பி தேவேந்திரன் பல்செட்டும் கைத்தடியுமாக எப்போதாவது வந்து உட்கார்ந்து, அண்ணனை ஏற இறங்கப் பார்ப்பார்.

"எமன் எல்லாருக்கும் நரையில கடுதாசி போடறான். ஒன் வெலாசம் மட்டும் அவனுக்குத் தெரியலியாண்ணா?"

கலியாணசுந்தரம் சிரிப்பார். அவருக்கு உள்ளுக்குள் முப்பத்தாறுதான் நடந்துகொண்டிருந்தது. ஆறு வயது மகளுக்குக் காத்திருக்கிற தகப்பன் எப்படிக் கிழவனாக முடியும்?

வயதாகிற வேலையை அந்த வீட்டில் புவனேஸ்வரி மட்டும் பார்த்தாள்.

அந்தப் பக்கத்து நெசவுக்காரக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கன்னியாகச் செத்த பெண், வீட்டுக்குப் பூவாடைக்காரி. அவள் சாமி. வீட்டில் கல்யாணம் என்றால் முதல் மரியாதை அவளுக்குத்தான். விளக்கேற்றி, முறத்தில் புதுப் பாவாடையும் பூவும் மஞ்சளும் வைத்துப் படைத்து, நீ கட்டாத தாலியை உன் கூடப்பிறந்தவள் கட்டிக்கொள்ள உத்தரவு கொடு என்று கேட்க வேண்டும். கேட்காமல் கட்டிய தாலி நிற்காது என்பார்கள். படைத்த பாவாடையை அந்த வீட்டுப் பெண்குழந்தை ஒன்று உடுத்திக்கொண்டு விழுந்து கும்பிடும்.

புவனேஸ்வரிக்கு வரன் முடிவானபோது பெரியநாயகி தொலைந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. பன்னிரண்டு போனால் போனவள்தான், படையல் போட்டுவிடலாம் என்று உறவுமுறைகள் கூடிப் பேசின. தேவேந்திரன் சித்தப்பாதான் முறத்தை எடுத்து வந்தார். கலியாணசுந்தரம் அதை வாங்கி, நிதானமாக, வாசலில் கவிழ்த்தார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குப் படையல் போடச் சொல்கிறவன் என் வாசலை மிதிக்கக்கூடாது என்றார். படையல் இல்லாத வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஊர் முசரவாக்கத்துக்கே திரும்பிப் போனார்கள். அடுத்து வந்தவர்களும் அப்படியே. சித்தப்பா தன் பிள்ளைகளுக்குக் கல்யாணம் வந்தபோது, தனிவீடு பார்த்துப் போய், அண்ணனுக்குத் தெரியாமல் படையலை முடித்துக்கொண்டார். புவனேஸ்வரிக்குத் தனிவீடு ஏது? வரன்கள் குறைந்து, நின்று, பிறகு அந்தப் பேச்சே இல்லாமல் போனது.

எத்தனையோ தடவை அவள் அப்பாவிடம் சொல்லிவிட வாயெடுத்திருக்கிறாள். அவள் வரமாட்டாள் நைனா, போய்விட்டாள் என்று. ஒவ்வொரு தடவையும் அம்மா தடுத்தாள். கோயில் கதாகாலட்சேபத்தில் கேட்ட ஒரு ராஜா கதையைத்தான் சொல்வாள். தேவர்களுக்காக யுகக்கணக்கில் போரிட்டுக் களைத்துப்போன ராஜா. என்ன வரம் வேண்டும் என்று கேட்டதற்குத் தூக்கம் வேண்டும் என்றானாம். கொடுத்தார்கள். கூடவே இன்னொன்றும் கொடுத்தார்கள். அவனை எழுப்புகிறவன் யாராக இருந்தாலும், கண் திறந்து பார்க்கிற முதல் பார்வையிலேயே சாம்பலாகிவிடுவான்.

"தூங்கிக்கினு இருக்குறவர எழுப்பாதடி. அவருக்கு ஒண்ணும் ஆவாது. நீதான் எரிஞ்சு போவ."

வடிவாம்பாள் அதைச் சொல்லிச் சொல்லியே காலமாகிவிட்டாள். புவனேஸ்வரி எழுப்பவில்லை. நாடாவுக்கு நூலைத் தாரில் சுற்றினாள், சமைத்தாள், கண்ணாடி போட்டாள், முட்டிவலிக்குத் தைலம் தேய்த்தாள். அப்பா மட்டும் இன்னமும் அவளைப் பாப்பா என்றார். கூப்பிடும்போது அவர் கண்கள் அவள் முகத்துக்குக் கொஞ்சம் கீழே, பத்து வயதுப் பெண்ணின் முகம் இருக்கிற உயரத்தில், நிற்பதை அவள் வெகுகாலத்துக்கு முன்பே கவனித்திருந்தாள். ஒருதரமாவது நிமிர்ந்து தன்னைப் பார்க்கமாட்டாரா என்ற ஏக்கம் மட்டும் போகவில்லை.

பாவாடை தறியிலிருந்து இறங்கியது. தையற்காரரிடம் போய்ப் பட்டி வைத்துத் தைத்து வந்தது. மஞ்சள் பையில் மடித்து வைத்துக்கொண்டு, போலாமா பாப்பா என்றார். நாற்பது வருடமாக அந்தக் கோயில் இருக்கும் திசையில்கூட நடக்காதவர்.

அவள் சித்தப்பாவிடம் ஓடினாள். போய்ப் பார்த்து வரட்டுமே, கூட்டத்தைப் பார்த்தால் தானாகவே திரும்பிவிடுவார் என்றார் அவர். கூட்டத்தைப் பார்த்துத் திரும்புகிறவர் இல்லை என்பது புவனேஸ்வரிக்குத் தெரியும். மகள் வராவிட்டால் என்ன செய்வார் என்பதுதான் தெரியவில்லை. அடுத்த நாற்பது வருடம் காத்திருக்க உட்கார்ந்துவிடுவாரா? அல்லது அங்கேயே விழுந்துவிடுவாரா? விடிந்ததும் அவரோடு புறப்பட்டாள். எது நடந்தாலும் அவர் கையை விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

சின்னக் காஞ்சிபுரம் முழுவதும் தலைகள். எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து இறங்கிய சனம், தட்டி கட்டிய பாதைகளில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு போலீஸ்காரர் கலியாணசுந்தரத்தைப் பார்த்து, தாத்தா, பெரியவங்க வரிசை அந்தப் பக்கம் என்று கைகாட்டினார். அவர் எந்தத் தாத்தாவைச் சொல்கிறார் என்று கலியாணசுந்தரம் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு, பொதுவரிசையில் போய் நின்றார்.

புவனேஸ்வரி அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். அவர் சாமி இருக்கும் பக்கம் பார்க்கவே இல்லை. இடுப்புயரத்தில், கால்களுக்கு நடுவே, குழந்தைகள் இருக்கும் உயரத்தில்தான் அவர் கண்கள் அலைந்தன. பச்சை நிறம் எங்கே தெரிந்தாலும் கழுத்து அந்தப் பக்கம் வெடுக்கென்று திரும்பியது.

ஒலிபெருக்கியில் நொடிக்கு ஒரு அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. விழுப்புரத்திலிருந்து வந்தவர் தன் மனைவியைத் தேடுகிறார். சாவிக்கொத்து ஒன்று கிடைத்திருக்கிறது. அதன் நடுவில் ஒரு பெண்குரல் சொன்னது.

"ஆறு வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை ஒன்று தனியாக இருக்கிறது. அழுதுகொண்டே இருப்பதால் பெயர் சொல்லத் தெரியவில்லை. பெற்றோர் கிழக்குக் கோபுரம் அருகில் உள்ள உதவிப் பந்தலுக்கு வரவும்."

அவர் கை ஒரு துள்ளுத் துள்ளியது. வேர்வையில் வழுக்கியது. அதே உள்ளங்கை, அதே வேர்வை. நைனா என்று அவள் கத்துவதற்குள், தட்டியைத் தாண்டி, முப்பத்தாறு வயதுக்காரனைப் போல் கூட்டத்துக்குள் பாய்ந்துவிட்டார்.

அவள் தட்டிக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, எதிரே வருகிறவர்களை முட்டி மோதிக்கொண்டு பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெகு தாமதமாகியிருந்தது. பந்தலின் மூலையில், தொண்டர்கள் வேறு யாருக்கோ தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த இடைவெளியில், அவர் அந்தக் குழந்தையின் முன்னால் மண்டியிட்டிருக்கிறார். பாவாடையை எடுத்து அதன் இடுப்பில் வைத்து அளவு பார்த்திருக்கிறார். சரியாக இருந்திருக்கிறது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். குழந்தையின் அம்மா எதிரே ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்க, அவர் கையை விடவில்லை.

"யோவ், யாருய்யா நீ? கைய வுடுய்யா!"

"எம்பொண்ணும்மா. நீ யாரு?"

அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கிறவன் என்று யாரோ ஒருவன் சொன்னான். மஞ்சள் பையையும் புத்தம்புதுப் பாவாடையையும் இன்னொருவன் தூக்கிக் காட்டினான். கிழவன் பையில் சின்னப் பெண்ணின் பாவாடை எதற்கு? அதற்குமேல் அந்தக் கூட்டத்துக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. முதல் அடி முதுகில் விழுந்தது. அடுத்தது காதோடு. அவர் கீழே விழுந்தும் குழந்தையிருந்த திசையை நோக்கிக் கை நீட்டினார். அந்தக் கையை ஒரு செருப்புக்கால் மிதித்தது.

புவனேஸ்வரி அவர் மேல் விழுந்து மறைத்தாள். எங்க நைனா, புத்தி சரியில்லாதவர் என்று கெஞ்சினாள். யாரும் கேட்கவில்லை. பிடிபட்டவன் எல்லாம் இதைத்தான் சொல்கிறான், இவளும் கூட்டாளியாக இருப்பாள் என்று ஒரு குரல் வந்தது. அவள் முடியைப் பிடித்து யாரோ இழுத்தார்கள்.

அவரைக் காப்பாற்ற ஒரே ஒரு வார்த்தைதான் மீதியிருந்தது. அந்த வீட்டில் இதுவரை ஒருவரும் சொல்லாத வார்த்தை. அவர் காது கேட்கும் தூரத்தில் சொல்லக்கூடாத வார்த்தை. அவர் காதோ அவள் வாய்க்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது.

அவள் சொன்னாள்.

"அடிக்காதீங்க. இவரு பொண்ணு இதே எடத்துல காணாம போச்சு. நாப்பது வருஷம் ஆச்சு. இவருக்கு அது தெரியல. அந்தப் பொண்ணு செத்துப் போச்சுங்க. எந்தங்கச்சி செத்துப் போச்சு."

ஓங்கிய கைகள் தயங்கின. நாற்பது வருடம் என்ற சொல், ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் வாய்க்குத் தாவிக்கொண்டே பின்னால் போனது. போன தடவை தரிசனத்தில் தொலைந்த பிள்ளையாம் என்று யாரோ விளக்கினார்கள். முடியைப் பிடித்திருந்த கை விட்டது. பறிகொடுக்கப் பார்த்த அந்தத் தாய்கூட, பிள்ளையை இடுப்பில் இறுக்கியபடி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவன் பாவாடையின் மண்ணைத் தட்டி, மடித்து, பையில் போட்டு அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நழுவினான்.

கலியாணசுந்தரம் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தது. துடைக்கவில்லை. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புடைத்த நரம்புகளையும் சுருங்கிய தோலையும், யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். முதல்முறையாக அவர் கண்கள் புவனேஸ்வரியின் முகத்துக்கு நேராக வந்து நின்றன.

எத்தனை காலம் ஏங்கிய பார்வை அது. அவள் அதற்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அவ கைய ஒன் கைலதானேம்மா குடுத்தா ஒங்கம்மா?"

வடிவாம்பாள் சொன்ன ராஜா கதையில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஒருநாளும் அவர் கேட்காத கேள்வி. மகள் திரும்பி வருவாள் என்றிருந்தவரை கேட்க அவசியமில்லாத கேள்வி. அவருடைய தூக்கத்துக்குள் அது பூச்சி அரிக்காமல், நிறம் மங்காமல், நேற்றுத் தறியிலிருந்து இறக்கியது போல் பத்திரமாக இருந்திருக்கிறது. பத்து வயதுப் பெண்ணிடம் கேட்க வேண்டியதை ஐம்பது வயதுக்காரியிடம் கேட்டுவிட்டார். பதில் சொல்ல அந்தப் பத்து வயதுப் பெண்ணாவது இருந்திருக்கலாம். அவளும் இல்லை.

சாமியைப் பார்க்காமலே இருவரும் ஆட்டோ பிடித்து வீடு திரும்பினார்கள்.

அதற்குப்பின் கலியாணசுந்தரத்துக்கு வயது வந்தது. நாற்பது வருடமும் வாசலில் காத்திருந்தது போல, ஒரேயடியாக உள்ளே நுழைந்தது. அந்த வாரமே தறிக்குழியிலிருந்து ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டார்; தேவேந்திரனும் புவனேஸ்வரியுமாகத் தூக்கிவிட்டார்கள். இழை தெரியவில்லை என்றார். சோற்றைப் பிசைய விரல் மடங்கவில்லை. பேசும்போது வார்த்தைக்காக நின்றார். தாடை தொங்கிவிட்டது. கைத்தடி ஊன்றி வந்த தம்பி, அவர் பக்கத்தில் இளையவனாக மட்டுமல்ல, இளைஞனாகவே தெரிந்தார். எமன் விலாசத்தைக் கண்டுபிடித்துவிட்டான் என்று இந்தத் தடவை அவர் வேடிக்கை பேசவில்லை.

பாப்பா என்று கூப்பிடுவதும் நின்றுபோனது. ஏதாவது வேண்டுமென்றால், இந்தாம்மா என்றார். தண்ணீர் கொடுக்கும்போது அவள் கையைத் தொடாமல் டம்ளரை வாங்கிக்கொண்டார். வேண்டுமென்று செய்கிறாரா, கைநடுக்கமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஒரு மண்டலம் முடிந்து, சாமியைத் திரும்பவும் குளத்துக்குள் இறக்குகிற நாள் வந்தது. அன்று மாலை கலியாணசுந்தரம் தம்பியை வரவழைத்தார். முறம் எடுத்துவரச் சொன்னார்.

தேவேந்திரன் அண்ணன் முகத்தையே பார்த்தார். பிறகு முறத்தைக் கொண்டுவந்து வைத்தார். கூடத்தின் மூலையை மெழுகி விளக்கேற்றினார்கள். முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், பூ. நடுவில் கிளிப்பச்சைப் பாவாடை. மிதிபட்ட இடத்தில் அரக்குக் கரையில் ஒரு மண்கறை, துவைத்தும் போகாதது. புவனேஸ்வரி பொங்கலை இறக்கி வாழையிலையில் வைத்தாள். கற்பூரம் எரிந்தது. கலியாணசுந்தரம் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். பெரியநாயகி என்று ஒருதரம் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான் அழுகை.

கற்பூரம் அணைந்ததும் தம்பியைப் பார்த்துத் திரும்பினார். மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தார்.

"படையல் போட்டாச்சுபா. இனிமே தடையில்ல. நம்ம புவனாவுக்கு ஒரு எடம் பாரு."

தேவேந்திரன் தலையைக் குனிந்துகொண்டார்.

கலியாணசுந்தரம் முறத்தின் பக்கம் திரும்பினார். பாவாடையை அதிலிருந்து எடுத்தார். வழக்கப்படி அதை வீட்டுப் பெண்குழந்தை உடுத்த வேண்டும். கூடத்தில் ஒருதரம் சுற்றிப் பார்த்தார். விளக்குக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த மகளிடம் அவர் பார்வை வந்தது. அவள் வகிடு, காதோரம், கொண்டை என்று மெதுவாக நகர்ந்தது. நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

"ஒனக்கு எப்போம்மா இவ்ளோ நரைச்சுது?"

புவனேஸ்வரி விளக்கைச் சுற்றி வந்தாள். அவர் கையிலிருந்து பாவாடையை வாங்கினாள். ஒன்றரை முழத்துக்குள் அடங்கியதை நாலாக மடித்தாள். மூலையிலிருந்த தகரப்பெட்டியைத் திறந்து, அம்மாவின் கூறைப்புடவைக்கு அடியில் வைத்து, ஒரு நாப்தலின் உருண்டையையும் போட்டு மூடினாள்.

அதே நேரத்துக்குச் சின்னக் காஞ்சிபுரத்தில் சாமியையும் குளத்துக்குள் இறக்கிக்கொண்டிருப்பார்கள். அவரை வெளியே எடுக்க நாற்பது வருடம் கழித்து யாராவது வருவார்கள். இந்தப் பெட்டியைத் திறக்க அந்த வீட்டில் அப்போது யாரும் இருக்கப்போவதில்லை. புவனேஸ்வரி கொக்கியை மாட்டினாள். பொங்கல் ஆறுகிறது என்று சொல்லி, இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.